விடுகதை ஆகிப்போன கதை: வெஸ்ட்வேர்ல்ட் ஏன் மனதில் ஒட்டவில்லை?

வெஸ்ட்வேர்ல்ட் தொடரைப் பார்த்தவர்களிடம் எப்படியிருந்தது என்று கேளுங்கள். "என்ன மூளை!" என்பார்கள். "கடைசி எபிசோட் வரைக்கும் கண்டுபிடிக்கவே முடியலை" என்பார்கள், அல்லது "நான் மூணாவது எபிசோடிலேயே கண்டுபிடிச்சிட்டேன்" என்பார்கள். "அந்த வில்லியமை நினைச்சா மனசு ஆறலை" என்று சொல்பவர்கள் ரொம்பக் குறைவு. இத்தனை பாராட்டு வாங்கிய தொடர் பலருக்கு ஏன் நெருக்கமாகவில்லை என்பதற்கான விடை இந்தப் பதில்களிலேயே இருக்கிறது.

பாராட்டில் பொய்யில்லை. மைக்கேல் கிரைட்டன் 1973-இல் எழுதி இயக்கிய படத்தை அடிப்படையாக வைத்து ஜோனதன் நோலனும் லிசா ஜாயும் உருவாக்கிய இந்தத் தொடர் 2016 அக்டோபரில் எச்பிஓவில் தொடங்கியது. முதல் சீசனுக்கே 22 எம்மி விருதுப் பரிந்துரைகள். டிஜிட்டல் காலத்தில் 35 மிமீ ஃபிலிமில் எடுத்தார்கள். அந்தப் பாலைவன வெயில் கண்ணுக்குள் நிற்கும். ஆந்தனி ஹாப்கின்ஸ், எட் ஹாரிஸ், ஜெஃப்ரி ரைட், தாண்டிவே நியூட்டன், இவான் ரேச்சல் வுட் என்று ஒரே திரையில் இத்தனை பேர். நடிப்பு, இசை, படப்பிடிப்பு மூன்றிலும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல நான்கு சீசன்களின் முடிச்சுகளையும் அவிழ்த்தாக வேண்டும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பணக்காரர்கள் காசு கொடுத்து வந்து கௌபாய் வாழ்க்கை வாழ்ந்து பார்க்கும் ஒரு பிரம்மாண்டப் பூங்கா. அங்கே இருக்கும் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஹோஸ்ட் எனப்படும் செயற்கை மனிதர்கள். விருந்தாளிகள் அவர்களைச் சுடலாம், வல்லுறவு செய்யலாம். இரவில் உடம்பைத் தைத்து, நினைவை அழித்து, காலையில் மறுபடி அதே தெருவில் நிறுத்திவிடுவார்கள். அந்த அழிப்பு ஒருநாள் முழுதாக வேலை செய்யாமல் போகிறது. அறிவியல் புனைவுக்கு இதைவிட நல்ல நிலம் கிடைப்பது கஷ்டம்.

முதல் சீசனில் இரண்டு ஆண்களைப் பின்தொடர்கிறோம். ஒருவன் வில்லியம்: கூச்ச சுபாவம், வெள்ளைத் தொப்பி, வருங்கால மைத்துனன் லோகனோடு முதன்முறையாகப் பூங்காவுக்கு வருகிறான், டொலோரஸ் என்ற ஹோஸ்ட் பெண்ணிடம் மனதைப் பறிகொடுக்கிறான். மற்றவர் கறுப்பு உடைக்காரர்: வயதானவர், கொடூரர், முதல் எபிசோடிலேயே டொலோரஸை இழுத்துக்கொண்டு களஞ்சியத்துக்குள் போகிறவர். பத்தாவது எபிசோடில் சொல்கிறார்கள்: இருவரும் ஒரே ஆள். வில்லியமின் காட்சிகள் 30 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தவை.

இதை எப்படி ஒளித்தார்கள் என்று பார்த்தால் உழைப்பு புரியும். தேதி தெரியக்கூடிய எதுவும் வில்லியமின் காட்சிகளில் இல்லை. அவன் வந்திறங்கும் இடத்தில் பூங்காவின் சின்னம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். உற்றுப் பார்ப்பவர்களுக்கான துப்பு அது. ஐந்தாவது எபிசோடில் கறுப்பு உடைக்காரர் லாரன்ஸ் என்ற ஹோஸ்டைக் கொன்று அவன் ரத்தத்தை டெடி என்ற இன்னொரு ஹோஸ்டுக்கு ஏற்றுகிறார். அதே எபிசோடில் வில்லியம் சந்திக்கும் எல் லாசோ என்ற கொள்ளைக்காரனுக்கும் அதே லாரன்ஸின் முகம். ஹோஸ்டை எடுத்துத் தைத்து வேறு வேடத்தில் அனுப்ப அவ்வளவு சீக்கிரம் முடியுமா என்று அங்கே ஒருவர் யோசித்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். எட்டாவது எபிசோடில் பூங்கா ஊழியர் ஒருவர் மேவ் என்ற ஹோஸ்டிடம் சொல்கிறார்: உங்கள் நினைவு எங்களுடையது போல மங்கலாக வராது, நடந்ததை அப்படியே மறுபடி வாழ்வீர்கள் என்று. டொலோரஸுக்கு அன்றும் இன்றும் குழம்புவதற்கான நியாயம் இதுதான். காலங்களைக் கலந்து வெட்டியதற்குக் கதைக்குள்ளேயே காரணம் வைத்திருக்கிறார்கள். அந்த அளவில் நேர்மையான வேலை.

ஆனால் விலை என்ன கொடுத்தார்கள்?

இந்த ரகசியம் கதைக்குள் மனிதர்களுக்கு ரகசியமில்லை. தான் யார் என்று கறுப்பு உடைக்காரருக்குத் தெரியும். பூங்காவை உருவாக்கிய ஃபோர்டுக்குத் தெரியும். பூங்காவின் பாதுகாப்பு ஆட்களுக்கும் தெரியும். அவர் என்ன செய்தாலும் விட்டுவிடச் சொல்லி உத்தரவு இருக்கிறது. டொலோரஸைப் போன்ற ஹோஸ்ட்களுக்கும் பார்க்கிற நமக்கும்தான் தெரியாது. அதைக் காப்பாற்றுவதற்காக ஒன்பது எபிசோட்கள் இந்த இருவரையும் பாதி மனிதர்களாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். கறுப்பு உடைக்காரருக்குப் பெயர் கிடையாது. ஐந்தாவது எபிசோடில் ஃபோர்டும் அவரும் மதுக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். பல்லாண்டுப் பகை, பல்லாண்டுப் பழக்கம், இரண்டு மகா நடிகர்கள். அந்தப் பேச்சில் ஒருவர் பெயரை மற்றவர் சொல்லக் கூடாது, பழைய சம்பவங்களை முழுதாகத் திறக்கவும் கூடாது. காட்சி பனிமூட்டமாகக் கடந்துபோகிறது.

பெரிய நஷ்டம் இதைவிட முக்கியமானது. ஒரு நல்லவன் எப்படி இப்படி ஆனான் என்பதுதான் இந்தத் தொடரின் ஆகச் சிறந்த கதை. அதைச் சொல்லும்போது ஒளிக்க முடியாது. ஒளித்தால் சொல்ல முடியாது. அவர்கள் ஒளிப்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் வில்லியம் டொலோரஸைத் தேடிப் பூங்காவின் எல்லைவரை போனது, போகும் வழியில் கொல்வது அவனுக்குப் பழகிப்போனது, பிறகு ரசிக்கத் தொடங்கியது எல்லாம் கடைசி எபிசோடில் ஒரு கிழவரின் வர்ணனையாகச் சில நிமிடங்களில் ஓடி முடிகின்றன.

ஒரு பால் டப்பாவைக் கவனியுங்கள். இரண்டாவது எபிசோடில் ஸ்வீட்வாட்டர் தெருவில் டொலோரஸின் கையிலிருந்து டப்பா உருள்கிறது. வில்லியம் குனிந்து எடுத்துக் கொடுக்கிறான், அவள் சிரிக்கிறாள், அவன் காதலில் விழுந்துவிடுகிறான். கடைசி எபிசோடில் நாடெல்லாம் தேடிக் களைத்து, கையெல்லாம் ரத்தமாகி, அதே தெருவுக்குத் திரும்பி வருகிறான். அவள் நிற்கிறாள். அதே டப்பா உருள்கிறது. அவளுக்கு அவனைத் தெரியவில்லை. இந்த இடத்தில் நெஞ்சு உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை, ஏனென்றால் அந்த நொடியில் நாம் வேறு வேலையில் இருக்கிறோம்: ஓ, அப்படியானால் அந்தச் சின்னம் அதனால்தான், லாரன்ஸ் அதனால்தான் என்று கணக்குச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம். அழ வேண்டிய நேரத்தில் கூட்டல் போட வைத்துவிட்டார்கள்.

இதே கதையை ஒளிக்காமல் சொன்னால் என்ன ஆகும்? இரண்டாவது எபிசோட் முடியும்போதே இந்தப் பையன்தான் அந்தக் கிழவர் என்று நமக்குத் தெரிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதன் பிறகு அவன் அவளிடம் காட்டும் ஒவ்வொரு அன்பும் நமக்கு வலிக்கும். அவன் முதல் முறை துப்பாக்கியை எடுக்கும்போது வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். கோவலன் சிலம்பை விலை மதிக்கக் கொடுக்கும் இடத்திலேயே, அரசியின் சிலம்பைத் திருடியவன் இந்தப் பொற்கொல்லன்தான் என்று இளங்கோ நமக்குச் சொல்லிவிடுகிறார். கோவலனுக்கு மட்டும் தெரியாது. அவன் நம்பிக் காத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தை எத்தனை முறை படித்தாலும் பதறுகிறது. அந்தத் திருட்டைக் கடைசிப் பக்கம்வரை மறைத்திருந்தால் ஒரே ஒரு முறை ஆச்சரியப்பட்டிருப்போம்.

விடுகதைக்கும் கதைக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். விடை தெரிந்த விடுகதையை யாரும் தனக்குத் தானே போட்டுப் பார்ப்பதில்லை.

இரண்டாம் முறை பார்த்தால்தான் அருமை தெரியும் என்று ரசிகர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. எது இரண்டாம் முறையும் நிற்கிறது, எது நிற்கவில்லை என்று பிரித்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். வில்லியம் காட்சிகளில் இரண்டாம் முறை கிடைப்பவை துப்புகள். ஹோஸ்ட்களின் நிரலைக் கவனிக்கும் பூங்கா ஊழியன் பெர்னார்டின் காட்சிகளில் கிடைப்பது வேறு.

ஏழாவது எபிசோட். பெர்னார்ட் தன்னோடு வேலை செய்பவளும் தான் காதலித்தவளுமான தெரசாவை ஃபோர்டின் பழைய வீட்டுக்கு அழைத்து வருகிறான். வரைபடத்தில் இல்லாத வீடு. தெரசா ஒரு சுவரைக் காட்டி, இந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்கிறாள். பெர்னார்ட் திரும்பிப் பார்த்து, "எந்தக் கதவு?" என்கிறான். அவ்வளவுதான் வசனம். ஹோஸ்ட்கள் பார்க்கக் கூடாததை அவர்களின் கண் பார்த்தாலும் மூளை ஏற்காது என்று முதல் எபிசோடிலேயே ஒரு புகைப்படத்தை வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கீழே இறங்கினால் ஹோஸ்ட்களின் வடிவமைப்புத் தாள்கள்; அதில் ஒன்றில் பெர்னார்டின் உருவம். எனக்கு இது எதுவாகவும் தெரியவில்லையே என்கிறான். டொலோரஸ் சொன்ன அதே வாக்கியம். அடுத்து ஃபோர்ட் வந்து நிற்கிறார், உத்தரவிடுகிறார், பெர்னார்ட் தன் கையால் தெரசாவைக் கொல்கிறான்.

இங்கேயும் ட்விஸ்ட்தான். ஆனால் அடி விழுவது பெர்னார்டின் மேல். நமக்கு உண்மை தெரியவரும் அதே நேரத்தில் அது அவன் வாழ்க்கையையும் இடித்துத் தள்ளுகிறது. முதலிலிருந்து மறுபடி பார்த்தால், இறந்துபோன மகன் சார்லியை நினைத்து அவன் உடைந்துபோகும் ஒவ்வொரு காட்சியும் இன்னும் கனக்கிறது. அந்தத் துக்கமே யாரோ எழுதிக் கொடுத்தது என்று இப்போது நமக்குத் தெரியும், ஆனாலும் அவன் அழுவது நிஜம். இவ்வளவும் செய்யத் தெரிந்தவர்கள்தான் வில்லியமையும் எழுதினார்கள் என்பதுதான் எனக்குத் தீராத ஆதங்கம்.

மேவ் விஷயத்தில் கோளாறு இன்னொரு வகை. தன் உலகத்துக்குக் கீழே ஒரு பட்டறை இருப்பது தெரிந்ததும் மேவ் வேண்டுமென்றே சாகிறாள். செத்தால்தானே அங்கே கொண்டுபோவார்கள். ஆறாவது எபிசோடில் பட்டறை ஊழியன் ஃபெலிக்ஸ் அவளை மாடி மாடியாகக் கூட்டிப் போய், ஹோஸ்ட்கள் உருவாகும் இடத்தையெல்லாம் காட்டுகிறான். வார்த்தையில்லாத அந்த நடை, கண்ணாடிக்கு அப்பால் தன் கனவே விளம்பரப் படமாக ஓடுவதைப் பார்த்து அவள் நிற்கும் நிலை, முழுத் தொடரிலும் சிறந்த நிமிடங்களில் சேரும். அடுத்த காட்சியிலேயே தரம் விழுகிறது. டேப்லெட்டில் அவள் குணங்களுக்கெல்லாம் எண்கள் இருக்கின்றன. அறிவுத்திறனுக்கு 20-க்கு 14. அதை உச்சத்துக்கு ஏற்றச் சொல்கிறாள். ஃபெலிக்ஸும் அவனோடு வேலை செய்யும் சில்வெஸ்டரும் ஏற்றிவிடுகிறார்கள்.

ஏன்? அவள் மிரட்டுகிறாள். சரி, ஆனால் அவளை உறங்கவைக்கும் கட்டுப்பாடு அவர்கள் கையில் இருக்கிறது. அவள் ஒவ்வொரு முறை பூங்காவுக்குத் திரும்பிப் போகும்போதும் அவர்களுக்கு மணிக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. ஒரு ஹோஸ்ட் வழி மாறினால் கண்டுபிடித்து ஆள் அனுப்பும் நிறுவனத்தில், நடமாடும் ஹோஸ்டோடு ஊழியன் தளம் தளமாக உலாத்துவதை ஒரு கேமராவும் பார்க்கவில்லை. கடைசி எபிசோடில் இதற்கும் விடை வைத்திருக்கிறார்கள்: மேவ் தப்பிப்பதே யாரோ எழுதிய திட்டம், ஆள் சேர், தப்பி ஓடு, வெளியுலகுக்குள் நுழை என்று அவள் நிரலில் முன்பே எழுதியிருக்கிறது என்று பெர்னார்ட் படித்துக் காட்டுகிறான். மேவின் நிரலை எழுதிவிடலாம். ஃபெலிக்ஸும் சில்வெஸ்டரும் மனிதர்கள். அவர்களுக்கு யார் நிரல் எழுதினார்கள்? ரயிலிலிருந்து மகளுக்காக மேவ் இறங்கும் காட்சி எவ்வளவோ நன்றாக எழுதப்பட்டது. அதை அடைய நடந்துவந்த பாதையில் மனிதர்கள் மனிதர்களாக நடந்துகொள்ளவில்லை என்பதால் அந்த இறக்கமும் பாதி பலத்தோடுதான் வந்து சேர்கிறது.

இரண்டாவது சீசன் 2018-இல் வந்தபோது தொடருக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவே ஒரு போட்டி உருவாகியிருந்தது. முதல் சீசனின் பெரிய ரகசியத்தை இணையத்தில் பாதிக்கு முன்பே ஊகித்துவிட்டிருந்தார்கள். அதனால் இந்த முறை முடிச்சை இன்னும் இறுக்கினார்கள். ஹோஸ்ட்களின் கலவரம் தொடங்கிய இரவிலிருந்து ஒரு கதை, ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துக் கடற்கரையில் பெர்னார்ட் கண் விழிப்பதிலிருந்து இன்னொரு கதை. இரண்டுக்கும் நடுவே அவன் நினைவு சிதறிக் கிடக்கிறது. எந்தக் காட்சி முன்பு, எது பின்பு என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கடைசியில் காரணம் வருகிறது: பூங்கா நிறுவனத்தின் அதிகாரி சார்லட் ஹேலின் உருவில் செய்த உடலுக்குள் டொலோரஸை வைத்தவன் பெர்னார்ட்தான், யாரும் அவன் மூளையைக் கிளறி அதைத் தெரிந்துகொள்ளக் கூடாதென்று தானே தன் நினைவுகளைக் கலைத்துப் போட்டான்.

கேட்பதற்குப் புத்திசாலித்தனமாகத்தான் இருக்கிறது. உட்கார்ந்து யோசித்தால், எடிட்டிங் மேசையில் எடுத்த முடிவுக்குக் கதைக்குள் ஒரு பாத்திரத்தைக் கையெழுத்துப் போடச் சொன்னதாகப் படுகிறது. பத்து எபிசோட்கள் பெர்னார்டுக்குத் தனக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது. வேண்டுவது என்னவென்று தெரியாத ஒருவனுக்காக நாம் எதை விரும்பிக் காத்திருப்பது? ஜெஃப்ரி ரைட் குழப்பத்தை நூறு விதமாகக் காட்டுகிறார். கடைசியில் குழப்பம் மட்டும் மிஞ்சுகிறது. நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: கணினிக்குள் நடக்கும் காட்சிகளில் திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும்படி சட்டகத்தை அகலமாக்கிக் காட்டினார்கள். பார்ப்பவரை ஏமாற்றாமல் கையில் சாவியைக் கொடுக்கும் உத்தி. அப்படிப்பட்ட நேர்மை இன்னும் நாலு இடத்தில் இருந்திருக்கலாம்.

சாவுக்கு மதிப்பு போய்விட்டது என்பது அடுத்த பெரிய சிக்கல். ஹோஸ்டின் மூளை முத்து எனப்படும் உருண்டை ஒன்றுக்குள் இருக்கிறது. அதை எடுத்து எந்த உடம்பிலும் வைக்கலாம் என்று ஆனதும் யார் செத்தாலும் கவலைப்படக் காரணமில்லை. பெர்னார்ட் சாகிறான், வருகிறான். மேவ் இரண்டாவது சீசன் கடைசியில் சாகிறாள், மூன்றாவதில் வருகிறாள். மூன்றாவது சீசனின் நான்காவது எபிசோடில், வெவ்வேறு முகங்களோடு திரிந்தவர்கள் எல்லோருக்குள்ளும் இருப்பது டொலோரஸின் நகல்களே என்கிறார்கள். அதற்குள் எனக்கு ஆச்சரியப்படும் தசையே தளர்ந்துபோயிருந்தது. மூன்றாவது, நான்காவது சீசன்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பூங்காவை விட்டு வெளியே வந்ததும் தொடரின் முகமே மாறிவிட்டது. 2022 நவம்பரில் நிறுத்தினார்கள், 36 எபிசோட்கள். உருவாக்கியவர்கள் திட்டமிட்டிருந்த ஐந்தாவது சீசன் வரவேயில்லை. கடைசி விடைக்காக எல்லாவற்றையும் தள்ளிப்போட்ட தொடருக்கு அந்த விடை சொல்ல வாய்ப்புக் கிடைக்காமல் போனது வருத்தம்தான்.

இந்தத் தொடர் என்னவாக இருந்திருக்கலாம் என்று யாராவது கேட்டால் இரண்டாவது சீசனின் எட்டாவது எபிசோடைப் போட்டுக் காட்டுவேன். 'கிக்ஸுயா' என்று பெயர். லகோட்டா மொழியில் நினைவில் வை என்று பொருள். வசனமும் பெரும்பாலும் லகோட்டாவில். அதுவரை முகத்தில் சாயம் பூசிய பயங்கரமாக மட்டும் வந்துபோன அகேச்சட்டா என்ற ஹோஸ்ட் தன் கதையைத் தானே சொல்கிறான். ஜான் மக்லார்னன் நடித்திருக்கிறார். முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக, ஒரு காலக் குழப்பமும் இல்லாமல்.

அவனுக்கு ஒரு மனைவி இருந்தாள், கோஹானா. அவர்களின் வேடத்தைப் பூங்கா மாற்றிவிட்டது. அவன் கொலைகாரன் ஆனான், அவள் வேறொருவனின் துணை ஆனாள். அவனுக்கு மட்டும் பழையது நினைவு வருகிறது. அவளை மீட்டுக்கொண்டு போகிறான், அவளுக்கும் மெல்ல நினைவு திரும்புகிறது, ஊழியர்கள் வந்து அவளைப் பிடித்துப்போகிறார்கள். அவன் தேடுகிறான். இங்கேதான் எழுத்தின் திறமை: செத்தால் நினைவு அழியும், நிரல் புதுப்பிக்கப்படும் என்று அவன் புரிந்துகொள்கிறான். அதனால் சாகாமலே இருக்கிறான். ஏறக்குறைய பத்து வருடம். துப்பாக்கிகளுக்கு நடுவே, தினம் சுட வரும் விருந்தாளிகளுக்கு நடுவே, ஒருத்தியை மறக்காமல் இருப்பதற்காக உயிரோடிருக்கிறான். மற்ற எபிசோட்களில் விலையில்லாமல் போன சாவுக்கு இங்கே எப்படி விலை வந்தது பாருங்கள். புதிதாக ஒரு விதியைக் கூடச் சேர்க்கவில்லை. இருந்த விதியை ஒருவனின் ஆசையோடு கட்டினார்கள், அவ்வளவுதான்.

மேலே எங்கும் அவள் இல்லை என்று தெரிந்ததும், கீழே போக ஒரே வழி சாவுதான் என்று முடிவெடுத்து அவனே சாவுக்கு உடன்படுகிறான். பட்டறையில் இவ்வளவு பழைய நிரலோடு ஒரு ஹோஸ்ட் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததா என்று ஊழியர்கள் வியக்கிறார்கள். புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் எழுந்து நடக்கிறான். குளிர்க் கிடங்கு. கைவிடப்பட்ட ஹோஸ்ட்கள் வரிசை வரிசையாக, துணியில்லாமல், கண் திறந்தபடி நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே கோஹானா. அவன் பேசுகிறான். அவளுக்குள் யாரும் இல்லை.

கட்டிப்பிடித்து அழுதுவிட்டுத் திரும்பும்போது பக்கத்தில் நிற்கும் ஓர் இளைஞனின் முகம் கண்ணில் படுகிறது. அவனுடைய இனக்குழுவைச் சேர்ந்தவன். அந்தப் பையனின் தாய் காரணம் தெரியாமலே இன்னும் துக்கப்பட்டுக்கொண்டிருப்பவள் என்பது அகேச்சட்டாவுக்கு நினைவு வருகிறது. இந்த வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்காகவும் மேலே யாரோ ஒருவர் ஏன் என்று தெரியாமல் ஏங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவன் அப்போதுதான் உணர்கிறான். கேமரா அவசரப்படாமல் அந்த முகங்களின் மேல் போகிறது. நிறுத்தித் தேடிப் பார்க்க அந்தச் சட்டகத்தில் சின்னம் ஏதும் இல்லை.